பெட்டி, கேள்விக்குறி, புள்ளி வட்டம்: தமிழும் மலையாளமும் ஒரே தாளில் வரும்போது

கொழிஞ்சாம்பாறையில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பொள்ளாச்சி போகிற வழியில் கோபாலபுரம் செக்போஸ்ட், கோயம்புத்தூர் போகிற வழியில் வேலந்தாவளம் செக்போஸ்ட். இரண்டுக்கும் இந்தப் பக்கம் நாங்கள். வீட்டில் தமிழ், தாலுகா ஆபீஸில் மலையாளம், பேங்கில் இங்கிலீஷ். கல்யாணப் பத்திரிகை என்றால் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். மனு என்றால் தமிழில் எழுதிவிட்டு விலாசத்தை மட்டும் மலையாளத்தில் போடச் சொல்வார்கள். கேரளத்தின் 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுத இடம் கொடுக்கிறது. அதனால் இரண்டு எழுத்தும் கலந்த தாள் எங்கள் பக்கத்தில் தினப்படி வேலை.

இந்தத் தாள்களில் எழுத்து தகராறு செய்தால் பலரும் எங்கிருந்தாவது ஐம்பது ஃபான்டை இறக்கி கம்ப்யூட்டரில் கொட்டுகிறார்கள். அதனால் குழப்பம் கூடும், குறையாது. முதலில் திரையை உற்றுப் பாருங்கள். தெரிவது பெட்டியா, கேள்விக்குறியா, புரியாத குறிகளா, புள்ளி வைத்த வட்டமா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

ஒரு அடிப்படை மட்டும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் தானாக ஃபான்ட் மாற்றுவது இரண்டு விதம். ஒன்று, பெயருக்குப் பெயர். ஃபைல் 'லதா' ஃபான்டைக் கேட்கிறது, அது இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, அதற்குப் பதில் வேறொன்றை எடுத்து முழுவதையும் அதில் காட்டும். விண்டோஸில் ஹெல்வெடிகா என்று கேட்டால் ஏரியல் வருவது இந்த வகை. இன்னொன்று, எழுத்துக்கு எழுத்து. கேட்ட ஃபான்ட் இருக்கிறது, ஆனால் குறிப்பிட்ட ஓர் எழுத்தின் வடிவம் அதற்குள் இல்லை. அந்த எழுத்துக்கு மட்டும் வேறு ஃபான்டிலிருந்து கடன் வாங்கும். முதல் வகையில் பக்கக் கணக்கு மாறும். இரண்டாவது வகையில் ஒரு சொல்லுக்குள்ளேயே ஓர் எழுத்து அந்நியமாக நிற்கும். இனி அறிகுறிகளைப் பார்க்கலாம்.

எழுத்துக்குப் பதில் காலிப் பெட்டி

இதுதான் எளிதான வியாதி. எழுத்து ஃபைலுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைக் காட்ட எந்த ஃபான்டும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பயந்துபோய் அழித்துவிட்டுத் திரும்ப டைப் செய்ய வேண்டாம்.

விண்டோஸ் 8 வந்த 2012 முதல் நிர்மலா யூஐ என்ற ஃபான்ட் கூடவே வருகிறது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் அந்த ஒரே ஃபான்டில் உண்டு. ஆகவே விண்டோஸ் 10, 11இல் தமிழ் பெட்டியாக வந்தால் விண்டோஸைச் சந்தேகிக்க வேண்டாம், நீங்கள் ஃபைலைத் திறந்த மென்பொருள்தான் மாற்று ஃபான்ட் தேடத் தெரியாமல் நிற்கிறது. எழுத்தைத் தேர்ந்தெடுத்து நீங்களே நிர்மலா யூஐ கொடுத்துப் பாருங்கள், பெட்டி மறையும். பழைய லதா, விஜயா வேண்டுமென்றால் விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்க்கலாம். மலையாளத்துக்கு அதே பெயரில் இன்னொன்று இருக்கிறது, அதில் கார்த்திகா வரும். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் இந்த ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் சிஸ்டம் என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.

மேக்கில் பெட்டி வருவது அபூர்வம். மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி, தமிழ் சங்கம் எம்என் இரண்டும் அதில் முன்பே இருக்கின்றன. தெரியாத எழுத்து வந்தால் மேக் 'லாஸ்ட் ரிசார்ட்' என்ற ஃபான்டால் ஒரு சட்டம் போட்டு, அது எந்த எழுத்து வகையைச் சேர்ந்தது என்பதற்கான அடையாளத்தை உள்ளே காட்டும். பெரிதாக்கிப் பார்த்தால் எந்த ஃபான்ட் தேவை என்று அதுவே சொல்லிவிடும்.

லினக்ஸில் மென்பொருள் நிறுவும் இடத்தில் நோட்டோ அல்லது லோஹித் என்ற ஃபான்டுகளைத் தேடுங்கள். நோட்டோவில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி ஃபைல். நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டதும் மலையாளமும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், நோட்டோ சான்ஸ் மலையாளத்தைத் தனியாகப் போட வேண்டும். போட்ட பிறகும் பெட்டி போகவில்லையென்றால் டெர்மினலில் எஃப்சி-கேஷ் கட்டளை கொடுத்து ஃபான்ட் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

வரிசையாகக் கேள்விக்குறி

பெட்டிக்கும் கேள்விக்குறிக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். கேள்விக்குறி வந்துவிட்டால் எழுத்து போய்விட்டது. யூனிகோடு (உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கும் பொது முறை) தெரியாத ஏதோ ஒரு மென்பொருள், தனக்குப் புரியாத ஒவ்வோர் எழுத்தையும் தூக்கிவிட்டு அந்த இடத்தில் நிஜமான ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது. எந்த ஃபான்ட் போட்டாலும் அது திரும்பாது. மூல ஃபைலைத் தேடிப் பிடிப்பது ஒன்றே வழி.

பழைய பில்லிங் மென்பொருள்களில் இது அதிகம். கண்ட்ரோல் பேனலில் ரீஜன் போய் சிஸ்டம் லொகேலைத் தமிழ் என்று மாற்றினால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. ஜப்பானிய மொழிக்கும் ரஷ்ய மொழிக்கும் இருப்பதுபோலப் பழைய வகைக் குறியாக்க அட்டவணை எதுவும் விண்டோஸில் தமிழுக்கு இல்லை, தமிழ் யூனிகோடில் மட்டுமே ஓடும். அந்த மென்பொருளில் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, பெயர்களை வேறு இடத்தில் வையுங்கள்.

ஒரு எழுத்துக்கு மூன்று மூன்றாகப் புரியாத குறிகள்

யாரோ அனுப்பிய பயனாளிகள் பட்டியலை எக்செலில் திறக்கிறீர்கள். இங்கிலீஷ் தலைப்புகள் நன்றாக இருக்கின்றன. பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும், தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன இங்கிலீஷ் 'ஏ' திரும்பத் திரும்ப வருகிறது. இதுவும் ஃபான்ட் கோளாறு இல்லை. யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தை ஃபைலில் சேமிக்கும் ஒரு முறை) முறையில் சேமித்த ஃபைலை மேற்கத்திய மொழிகளின் பழைய முறையில் படித்திருக்கிறது. யூடிஎஃப்-8இல் நம் எழுத்து, கால், கொம்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாக எண்ணிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் கோடு போட்ட 'ஏ'வுக்கு அடுத்த குறியைப் பாருங்கள். வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட டிரேட்மார்க் குறியோ, மேலே ஒட்டிய குட்டிக் கிடைக்கோடோ இருந்தால் உள்ளே இருப்பது தமிழ். தனியாக நிற்கும் சாய்கோடோ, அளவைகளில் வரும் 'மியூ'வோ இருந்தால் மலையாளம். வெப்பநிலைக்குப் போடும் டிகிரி வட்டமும் கூட்டல்-கழித்தல் குறியும் வந்தால் தெலுங்கு. மூன்று மொழிகளுக்கும் யூனிகோடில் 128 இடம் கொண்ட தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கியிருப்பதால் இரண்டாவது பைட் இப்படிப் பிரிந்து நிற்கிறது. படிக்கவே முடியாத ஃபைலைப் பார்த்ததும் "இது எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பட்டியல், இது நகரியிலிருந்து வந்தது" என்று பிரித்து வைக்க இது போதும். நகரி ஆந்திர எல்லை, அங்கேயும் தமிழ்க்காரர்களுக்குத் தெலுங்கோடு எங்களைப் போன்ற பிழைப்புதான்.

சரிசெய்வது சுலபம். சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளி போட்டுப் பிரித்த பட்டியல் அது) இரண்டு முறை தட்டித் திறக்காதீர்கள். எக்செலைத் தனியாகத் திறந்து, டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' கொடுத்து, ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோடு யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். லிப்ரேஆபீஸ் கால்க் திறக்கும்போதே எந்தக் குறியாக்கம் என்று கேட்கும். தப்பாகத் திறந்த ஃபைலை அப்படியே சேவ் செய்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும், அதில் கவனம் தேவை.

இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த கலவை

மேலே சொன்னதுபோல் கோடு போட்ட 'ஏ' இல்லை. சாதாரண இங்கிலீஷ் எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தான். அப்படியென்றால் இது பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய ஃபான்டில் அடித்தது. மலையாளத்தில் எம்எல்-டிடி என்று தொடங்கும் ஃபான்டுகளும் இதே ரகம். இவற்றில் உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்து, அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஏரியலோ கேலிப்ரியோ வந்து நிற்கும், போர்வை விலகிவிடும். மாற்று ஃபான்ட் தேடும் வசதியும் இங்கே உதவாது. கம்ப்யூட்டரின் கண்ணுக்கு இது தமிழே இல்லை, ஒழுங்காகத் தெரிகிற இங்கிலீஷ்.

படிக்க மட்டும் வேண்டுமென்றால் அதே ஃபான்டை நிறுவுங்கள். வைத்துக்கொள்ள வேண்டிய ஃபைல் என்றால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எந்த ஃபான்ட் என்பதை முதலில் ஃபான்ட் பெட்டியில் பார்த்துக் குறித்துக்கொண்டு, யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருளில் (மாற்றி) அதையே கொடுக்க வேண்டும். மொத்த ஃபைலையும் ஒரே தடவையில் மாற்றியில் போட்டால் நடுவில் இருக்கும் உண்மையான இங்கிலீஷும் தமிழாக மாறிவிடும். வீட்டு எண், பின்கோடு, ஈமெயில் இருக்கும் வரிகளைத் தனியே எடுத்து வையுங்கள்.

பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் வேலை செய்தவர்கள் ஏன் இந்த ஃபான்டுகளை விடவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது. வேறு வழி இல்லாமல் வாழ்ந்த தலைமுறை அது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சொல்லுக்குள் ஒரே ஒரு எழுத்து மட்டும் ஒட்ட வைத்ததுபோல்

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளை வீடு சித்தூர், பெண் வீடு பொள்ளாச்சி. பத்திரிகையை நான் வேர்டில் செய்து, ஃபைலைப் பொள்ளாச்சியில் ஒரு அச்சகத்துக்கு அனுப்பினேன். 400 பத்திரிகை அச்சாகி வந்தது. மாப்பிள்ளையின் தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மலையாளப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "தம்பி, எங்க ஊர்ப் பேர்ல கடைசி எழுத்து மட்டும் ஒட்ட வெச்ச மாதிரி இருக்குதே?" என்றார். குனிந்து பார்த்தால் சித்தூர் என்ற சொல்லின் கடைசி 'ர்' மட்டும் மெலிந்து, சிறுத்து, கொஞ்சம் மேலே தூக்கி நின்றது. மற்ற எழுத்தெல்லாம் தடித்த அலங்கார ஃபான்ட்.

மலையாளத்தில் ன், ண், ர், ல், ள் போன்ற மெய்கள் சொல் முடிவில் சில்லு என்ற தனி வடிவத்தில் வரும். யூனிகோடில் முதலில் இவற்றுக்குத் தனி இடம் கிடையாது. எழுத்து, சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற மலையாளக் குறி), அப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். 2008இல் யூனிகோடு 5.1 வந்தபோது சில்லுகளுக்குத் தனித்தனி இடம் கிடைத்தது. அதற்கு முன் செய்த ஃபான்டில் அந்தப் புது இடங்கள் காலி. நான் டைப் செய்தது புதுச் சில்லு. அச்சகத்தில் இருந்ததும் நான் பயன்படுத்திய அதே பெயர் கொண்ட ஃபான்ட், பதிப்பு மட்டும் பழையது. ஃபான்ட் இல்லை என்ற எச்சரிக்கை எதுவும் வரவில்லை, பெயர்தான் இருக்கிறதே. இல்லாத ஓர் எழுத்தை மட்டும் வேறு ஃபான்டிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டது.

அன்றிலிருந்து ஃபான்டின் பெயரோடு பதிப்பையும் பார்க்கிறேன். விண்டோஸில் ஃபான்ட் ஃபைல் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ். இரண்டு கம்ப்யூட்டரிலும் பதிப்பு எண் ஒன்றாக இருக்க வேண்டும். தேடும்போது ஒரு சொல் கண்ணெதிரே இருந்தும் கிடைக்கவில்லை என்றாலும் பழைய சில்லு, புதுச் சில்லு வித்தியாசமாக இருக்கலாம். பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறு.

தமிழிலும் இதே வியாதி ஓர் இடத்தில் உண்டு, அதுவும் பத்திரிகையின் முதல் வரியில். ஶ்ரீ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'ஸ'வில் தொடங்குவது ஒன்று, 'ஶ'வில் தொடங்குவது இன்னொன்று. அந்த 'ஶ' யூனிகோடில் சேர்ந்தது 2005இல், 4.1 பதிப்பில். அதற்கு முந்தைய தமிழ் ஃபான்டில் அது இருக்க வழியில்லை. ஶ்ரீ மட்டும் வேறு மாதிரி தெரிந்தால், அல்லது உடைந்து புள்ளி தனியாக நின்றால், அழித்துவிட்டு 'ஸ'வில் தொடங்கும் ஸ்ரீயை டைப் செய்து பாருங்கள். நல்ல ஃபான்டுகளில் இரண்டும் ஒரே உருவத்தில்தான் வரும்.

ரூபாய்க் குறியும் இப்படித்தான். 2010இல் புதிதாக வந்த குறி அது. பழைய ஃபான்டில் இல்லாததால் கடன் வாங்கியது தெரியும். அந்தச் சமயத்தில் பலர் ஒரு தனி ரூபாய் ஃபான்டை இறக்கிப் பயன்படுத்தினார்கள். அது கீபோர்டின் இடது மூலையில் இருக்கும் சாய்ந்த மேற்கோள் குறியை ரூபாயாகக் காட்டியது. இன்று பழைய ரசீதில் தொகைக்கு முன்னால் ஒற்றைச் சாய்கோடு தெரிந்தால் அதுதான் காரணம்.

ஸ்கூலில் இரண்டு பக்கம், கடையில் மூன்று பக்கம்

எங்கள் பக்கத்துத் தமிழ் மீடியம் ஸ்கூல் டீச்சர் ஒருவர் கேள்வித்தாளைப் பென் டிரைவில் கொண்டு வருவார். "அண்ணா, ஸ்கூல்ல ரெண்டு பக்கம்தான் இருந்துச்சுங்க, இங்க மூணாவது பக்கத்துக்கு ஓடுதே." கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ். 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் இன்று கைட் என்ற பெயரில் நடக்கிறது, பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கான லினக்ஸைத் தயாரித்துக் கொடுப்பதும் அவர்கள்தான். என் கடையில் விண்டோஸ். டீச்சர் லோஹித் தமிழில் செய்தது இங்கே நிர்மலா யூஐக்கு மாறும். இரண்டின் அகலமும் வேறு, வரி உயரமும் வேறு. கேள்விகள் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும்.

லிப்ரேஆபீஸில் இதைப் பிடிப்பது எளிது. எழுத்தின் மேல் கர்சரை வைத்து, மேலே ஃபான்ட் பெயர் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். பெயர் சாய்வெழுத்தில் இருந்தால் அந்த ஃபான்ட் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, வேறு ஒன்று வந்து நிற்கிறது என்று பொருள். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய்க் கீழே இறங்கினால் 'ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன்' என்ற பொத்தான் இருக்கும். எந்த ஃபான்ட் இல்லை, பதிலுக்கு எது வந்திருக்கிறது என்று அது பட்டியல் போடும். வேறு எதைக் கொண்டு ஈடுசெய்யலாம் என்று அங்கேயே நாம் தேர்ந்தெடுக்கலாம்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, எல்லைப் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. லிப்ரேஆபீஸிலும் வேர்டிலும் இங்கிலீஷுக்கு ஒரு ஃபான்ட் இடம், 'காம்ப்ளெக்ஸ்' என்ற பெயரில் நம் எழுத்துகளுக்கு இன்னொரு ஃபான்ட் இடம் என்று தனித்தனியாக உண்டு. தமிழும் மலையாளமும் அந்த ஒரே காம்ப்ளெக்ஸ் இடத்தில் உட்காரும். அங்கே லதா என்று கொடுத்தால் தமிழ் அழகாக வரும். லதாவில் மலையாளம் இல்லாததால் மலையாளத்துக்குக் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் இஷ்டமும் வேறு. நாம் மலையாளப் பத்திக்கு ஃபான்டே கொடுக்கவில்லை என்பதை உணராமல், கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இதற்கு இரண்டு வழி. இரண்டு எழுத்தும் உள்ள நிர்மலா யூஐ போல ஒன்றைக் கொடுத்துவிடலாம், விண்டோஸுக்குள்ளேயே ஓடும் ஃபைல் என்றால் இது போதும். லினக்ஸுக்கும் போக வேண்டிய ஃபைல் என்றால் தமிழுக்கு ஒரு ஸ்டைல், மலையாளத்துக்கு ஒரு ஸ்டைல் என்று பிரித்து, இரண்டு பக்கமும் இலவசமாக நிறுவக்கூடிய ஃபான்ட் கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழும் நோட்டோ சான்ஸ் மலையாளமும் சேர்ந்து நன்றாகப் பொருந்தும். கேரளத்தின் ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு மலையாளத்துக்கு மீரா, தமிழுக்கு மீரா இனிமை என இரண்டும் வெளியிட்டிருக்கிறது. தலைப்புகளுக்குக் கொழுகொழுவென்று வேண்டுமென்றால் பலூ குடும்பம் இருக்கிறது. அதில் தமிழுக்குப் பலூ தம்பி, மலையாளத்துக்குப் பலூ சேட்டன், தெலுங்குக்குப் பலூ தம்முடு. பெயரே சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அப்படித்தான் இருக்கும்.

டீச்சருக்கு நான் செய்து கொடுத்தது இதுதான். நோட்டோ ஃபைல்கள் இரண்டையும் அவர் பென் டிரைவிலேயே போட்டு, ஸ்கூல் கம்ப்யூட்டரிலும் அதே பதிப்பை நிறுவச் சொன்னேன். ஒரு மாதிரித் தாளும் ஸ்டைல் பிரித்துச் செய்து கொடுத்தேன். இப்போது இரண்டு பக்கம் இரண்டு பக்கமாகவே வருகிறது.

திரையில் ஒரு ஃபான்ட், பிரிண்டில் வேறு ஃபான்ட் என்று லிப்ரேஆபீஸில் வந்தால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஃபான்ட்ஸ் போய் மாற்று அட்டவணையைப் பாருங்கள். அங்கே 'ஸ்கிரீன் ஒன்லி' டிக் ஆகியிருந்தால் மாற்றம் திரைக்கு மட்டும்தான் நடக்கும்.

கொம்பு பின்னால் வருகிறது, எழுத்து புள்ளி வட்டத்தோடு வருகிறது

'கெ' என்று எழுதினால் உள்ளே முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிப்பாகும். கொம்பை முன்னால் இழுத்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் நிற்கும், 'கொ'வின் இரண்டு பாதிகளும் ஒரே பக்கத்தில் குவியும். எத்தனை ஃபான்ட் மாற்றினாலும் தீராது. ஃபோட்டோஷாப் என்றால் ப்ரிஃபரன்ஸஸில் டைப் என்ற இடத்தில் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்'டைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸர்' கொடுங்கள். அதன் பிறகு ஏற்கனவே அடித்த வரிகளையும் தேர்ந்தெடுத்து அந்த மாற்றத்தைக் கொடுக்க வேண்டும், புது வரிகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாது.

புள்ளி போட்ட வட்டம் வேறு கதை. உட்கார எழுத்து இல்லாத குறிக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் தற்காலிக நாற்காலி அது. டைப்ரைட்டர் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்தவர்களின் ஃபைல்களில் இது நிறைய வரும். நடுவில் ஒரு இடைவெளி புகுந்திருந்தாலும் வரும். ஓர் எழுத்தின் காலுக்கு மட்டும் வேறு நிறமோ வேறு ஃபான்டோ கொடுத்தாலும் சில மென்பொருள்களில் வரும். அந்தச் சொல்லை முழுவதுமாக அழித்துவிட்டுத் திரும்ப டைப் செய்வதே வேகமான வைத்தியம்.

எழுத்தெல்லாம் சரி, ஆனால் "இது எங்க எழுத்து இல்லை" என்கிறார்கள்

மலையாளத்தில் 1971இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. உகரக் குறிகளைப் பிரித்து, கூட்டெழுத்துகளைக் குறைத்தார்கள். ஒரே யூனிகோடு எழுத்துதான், ஆனால் மீராவிலும் ரச்சனாவிலும் பழைய லிபியாகத் தெரியும், வேறு சில ஃபான்டுகளில் புதிய லிபியாகத் தெரியும். ஃபான்ட் மாறினால் லிபியே மாறிவிடும். கோயில் நோட்டீஸ் அடிப்பவர்கள் பழையதைக் கேட்பார்கள், பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத்தில் இருப்பதைக் கேட்பார்கள். வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, ஃபான்ட் பெயரை ஆர்டர் புத்தகத்தில் எழுதி வைக்கிறேன்.

என் கம்ப்யூட்டரில் சரி, அடுத்தவர் கம்ப்யூட்டரில் தப்பு

அச்சுக்குப் போகும் எதையும் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். அனுப்பும் முன் அடோபி ரீடரில் திறந்து, ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட்ஸ் பாருங்கள். ஒவ்வொரு ஃபான்ட் பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று (ஃபான்ட் ஃபைலுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது என்று பொருள்) இருக்க வேண்டும். இல்லாத பெயர் ஒன்று இருந்தாலும் அது அங்கே வேறாக மாறலாம். வேர்டு ஃபைலாகவே கேட்டால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்' டிக் செய்யுங்கள். லிப்ரேஆபீஸில் ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட் என்ற இடத்தில் அதே வசதி இருக்கிறது.

பிடிஎஃப் சரியாக இருந்தும் பிரிண்டில் மட்டும் எழுத்து மாறினால் பிரிண்டரின் அட்வான்ஸ்டு அமைப்பில் ட்ரூடைப் ஃபான்ட் என்ற வரியைப் பாருங்கள். 'சப்ஸ்டிட்யூட் வித் டிவைஸ் ஃபான்ட்' என்று இருந்தால் 'டவுன்லோட் அஸ் சாஃப்ட்ஃபான்ட்' என்று மாற்றுங்கள்.

நான் ஒரு சோதனை ஃபைல் வைத்திருக்கிறேன். ஒரே பக்கம்தான். ஶ்ரீ இரண்டு விதத்திலும், கொ, கௌ, க்ஷ, அடுத்த வரியில் மலையாளத்தில் சித்தூர் என்ற ஊர்ப் பெயர், அதற்கும் கீழே ரூபாய்க் குறியோடு ஒரு தொகை, ஒரு ஃபோன் நம்பர். எல்லாம் சாதாரணத்திலும் தடித்த எழுத்திலும் இருக்கும். புதிதாக எந்த அச்சகத்துக்கு வேலை கொடுத்தாலும் முதலில் இந்த ஒரு பக்கத்தை அனுப்பி, அவர்கள் கம்ப்யூட்டரில் திறந்து பிரிண்ட் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். வந்ததும் முதலில் நான் பார்ப்பது சித்தூரின் கடைசி எழுத்தை.